காறை எலும்புக்கு மேலே

அந்தப் பெயிண்டர் முதன்முதலாக மாடியேறி வந்தபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது காதைத் தோளோடு ஒட்டவைத்துக்கொண்டு, யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்கிறவர் மாதிரி வாசலில் நின்றார். ஆறடிக்குக் குறையாத ஆள். நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குனிந்தவர், நிமிர முடியாமல் "யம்மா" என்று அப்படியே உறைந்துவிட்டார்.

"மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் அவள்.

"அவசரமா வரணும்னுதான் பாக்கறேன், கழுத்து விடமாட்டேங்குது டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லைங்க. பிசியோதெரபிஸ்ட்."

"அது வாயில நுழையாது. கழுத்து சரியானப்புறம் சொல்லிப் பாக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியோடு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் சிரிக்கவைப்பார்கள். மற்றவர்கள் எரிந்து விழுவார்கள், இல்லை அழுவார்கள்.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டே அறைகள். பதினொரு வருடமாக அங்கேதான் அவள் தொழில். முன்னறையில் ஐந்து நாற்காலிகள், தசைகளை மட்டும் சிவப்பாகக் காட்டும் ஒரு மனித உடல் படம். பின்னறையில், குப்புறப் படுத்தால் முகத்தைப் பொருத்திக்கொள்ள ஓட்டை வைத்த உயரமான கட்டில். பக்கத்தில் வெந்நீர்ப் பை, துவைத்து மடித்த துண்டுகள். மூலையில் ஒரு மின்சிகிச்சை இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. மற்ற இடங்களில் தோளில் வயரை ஒட்டிவிட்டு, கால்மணி நேரம் கழித்து வந்து கழற்றுவார்கள். அவள் அப்படிச் செய்வதில்லை. "மெஷினுக்கு எல்லாக் கழுத்தும் ஒண்ணுதான். கைக்குத்தான் கேக்கும்," என்பாள். தட்டச்சு செய்கிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், தையல்காரிகள், நாளெல்லாம் குனிந்து பல் பிடுங்குகிற ஒரு பல் மருத்துவர் என்று பலரும் அவள் கையைத் தேடி வந்தார்கள். அதில் அவளுக்குப் பெருமை இல்லாமல் இல்லை.

பெயிண்டரை உட்காரவைத்து விவரம் கேட்டு அட்டையில் எழுதினாள். இருபத்தாறு வருடத் தொழில். அதிலும் மேல்கூரைக்கு வண்ணம் அடிப்பதுதான் அவர் தனித்திறமை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைச் சீலிங் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

"சுவரு யார் வேணாலும் அடிக்கலாம்மா. அண்ணாந்து பாத்துக்கிட்டே எட்டு மணி நேரம் அடிக்கிறதுக்குத்தான் ஆள் வேணும். இத்தனை வருஷம் தாங்கின கழுத்து, இப்ப சொல்லாம கொள்ளாம ராஜினாமா குடுத்துடுச்சு."

"எங்க வலி? கையால காட்டுங்க."

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சரிவைத் தொட்டுக் காட்டினார்.

"ராத்திரி வலி இருக்கா?"

"ராத்திரிதாம்மா ஜாஸ்தி. படுத்தா குத்தும். எழுந்து உக்காந்துக்குவேன்."

'இரவு வலி, உண்டு' என்று எழுதினாள். எழுதிவிட்டு அடுத்த கேள்வியாக, "தலைகாணி எத்தனை வச்சுக்கறீங்க?" என்றாள்.

"ரெண்டு."

"அதான்," என்றாள்.

அண்ணாந்து பார்க்கும் தொழில், இரண்டு தலையணை, விரைத்துப்போன தோள். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது. குப்புறப் படுக்கவைத்து, வெந்நீர்ப் பையால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து, பிறகு கட்டைவிரலால் தசையை வருடிக்கொண்டு போனாள். கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை விசிறிபோல விரிந்த தசையின் மேல்விளிம்பில் ஒரு முடிச்சு இருந்தது. பட்டாணி அளவு. அதன்மேல் விரலை வைத்து, வலி அவர் பல்லைக் கடிக்கும் எல்லைவரை போனதும் நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் கழித்து முடிச்சு இளகி விரலுக்கடியில் தளர்ந்தது. பிறகு தலையை இடது பக்கம் மெல்லச் சாய்த்து நீட்டிவிட்டாள்.

எழுந்து உட்கார்ந்த சீலிங் அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு குழந்தை ஆச்சரியம்.

"அட! போயிடுச்சே!"

"ரெண்டு நாள்ல திரும்ப வரும். வாரம் ரெண்டு தடவை வாங்க."

"வர்றேன். இந்தக் கைக்காக வலி இல்லாட்டியும் வர்றேன்."

சொன்னபடி வந்தார். தனியாக வரவில்லை, ஏணி பிடிக்கிறவர், பட்டி பூசுகிறவர் என்று ஒவ்வொருவராக அழைத்துவந்தார். "கைராசிக்காரம்மா," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அவர் மனைவியும் ஒருநாள் கூடவே வந்தார். ஒடிசலான, அதிகம் பேசாத பெண்மணி. பள்ளிக்கூடம் ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை. "அவர் தூங்கி நாளாச்சும்மா. இங்க வந்துட்டுப் போற அன்னிக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்றார்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது வாரமும் வலி திரும்பி வந்தது. ஏழாவது வாரமும். வழக்கமாக இந்நேரம் அவளிடம் வருகிறவர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ளும் நிலைக்கு வந்திருப்பார்கள். இவர் தொழிலை விடாததால்தான் குணமாகவில்லை என்று அவள் நினைத்தாள். ஒரு மாதம் விடுப்பு எடுங்கள் என்று கண்டித்தாள். எடுத்தார். அப்போதும் வலி போகவில்லை.

அதற்குள் அவருடைய வேடிக்கைப் பேச்சில் புதுப்புதுச் சரக்குகள் சேர்ந்துகொண்டிருந்தன.

"டாக்டரம்மா, ஒரு கூத்து கேளுங்க. வெயில்ல நடந்து வந்தா என் மூஞ்சில இடது பக்கம் மட்டும் வேர்க்குது. வலது பக்கம் லீவு போட்டுடுச்சு."

அவள் சிரித்தாள்.

இன்னொரு நாள்: "வீட்ல சண்டைம்மா. யாரைப் பாத்து கண்ணடிக்கிறீங்கன்னு கேக்கறா. நான் எங்க கண்ணடிச்சேன்? இந்தக் கண்ணு தானா பாதி மூடிக்குது. இந்த வயசுல இது வேற கெட்ட பேரு."

அதற்கும் சிரித்தாள். தூக்கமில்லாத கண் அப்படித்தான் தொய்ந்துபோகும் என்று சொன்னாள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், பிரஷ் கைநழுவி ஒரு வீட்டுக்காரியின் புதுச் சோபாவில் விழுந்த கதையையும் அவர் நடித்துக் காட்டினார். அப்போது மட்டும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைப் பரிசோதித்தாள். கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று தோன்றியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். ஆனால் எக்ஸ்ரே என்றால் பெரிய மருத்துவமனை. அங்கே போனால் கழுத்துப் பட்டையை மாட்டி, மாத்திரை எழுதி, வயர் ஒட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தன்னால் முடியாமல் கைவிட்டாள் என்று ஆகிவிடும். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். உண்மையில் அந்த முடிவை எடுத்தது மூளையா பெருமையா என்று பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அந்த இரண்டாவது வாரத்தில்தான் அது நடந்தது. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தின் முன்பக்கத் தசைகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தொண்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற காறை எலும்புக்கு மேலே ஒரு குழி இருக்குமே, இடது பக்கம் அவள் விரல் அந்தக் குழியில் மெத்தென்று இறங்கியது. வலது பக்கம் இறங்கவில்லை. ஏதோ ஒன்று அங்கே நிறைந்திருந்தது. கல்மாதிரி இருந்தது. விரலுக்குக் கீழே தசை உருளும், நழுவும். இது அசையவில்லை.

அவள் விரல் நின்றது. இது தசை இல்லை என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. 'தசைதான், ரொம்ப இறுகியிருக்கு' என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அதை அழுத்தினாள்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக சீலிங் அண்ணன் கத்தினார். வேடிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறி, அவள் போட்டுவிட்டதும் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன்பிறகு இரண்டு வாரம் அவர் வரவில்லை. முதல் வாரம் அவளுக்குக் கவலையாக இருந்தது. இரண்டாவது வாரத்தில், குணமாகியிருக்கும், அதான் வரவில்லை என்று நினைத்தாள். நினைப்பதற்கு அது சுகமாக இருந்தது.

மூன்றாவது வாரம் மனைவி போன் செய்தார்.

"அம்மா, அவரை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. நுரையீரல் உச்சியில கட்டியாம். கெட்ட கட்டின்னு சொல்றாங்க. உங்களைப் பாக்கணும்னு சொல்றார், ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா?"

போனை வைத்ததும் அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே நாற்காலியில் ஒரு தையல்காரி காத்திருந்தார். அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, பக்கம் அவளுக்குத் தெரிந்தது. நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி தோள்வலியாக வேஷம் போடும். படுத்தால் அதிகமாகும். சுண்டுவிரல் பக்கம் மரக்கும். ஒரு கண்ணிமை தொய்யும். முகத்தின் ஒரு பாதி வேர்க்காது. இந்த வரிகளுக்கெல்லாம் அடியில் அவளே படிக்கிற காலத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் 'முக்கியம், கேள்வி வரும்' என்று எழுதியிருந்தாள். கேள்வி வந்தது; முழு மதிப்பெண் வாங்கினாள்.

அவர் சொன்ன வேடிக்கை ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருந்தது.

மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு மூன்றாவது மாடி. சின்ன வயது மருத்துவர் ஒருவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "பிசியோ எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"மூணு மாசம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குனிந்து எழுதிக்கொண்டார்.

"முன்னாடியே வந்திருந்தா..." என்று அவளே கேட்டாள்.

"சொல்ல முடியாது. இப்ப முதுகெலும்புக்குப் போயிடுச்சு. மூணு மாசம் முன்னாடி போயிருந்ததா, இல்லையா? யாருக்குத் தெரியும்? சில பேருக்கு ஆபரேஷன் பண்ண முடியும். சில பேருக்கு அப்பவே முடியாது." அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த 'சொல்ல முடியாது' அவளை எங்கேயும் நிற்கவிடவில்லை.

சீலிங் அண்ணன் பாதியாகிப் போயிருந்தார். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. இங்க இருக்கிற நர்ஸம்மாகிட்டயெல்லாம் சொல்லிட்டேன், எங்க கைராசிக்காரம்மா வருவாங்கன்னு. ஊசி, மாத்திரை எல்லாம் ஒரு கணக்கா? நீங்க ஒரு பிடி பிடிச்சாத்தான் எனக்குத் தூக்கம்."

மனைவியும், "ஆமாம்மா, நீங்க கை வைங்க. நீங்க வச்சாத்தான் அடங்கும்," என்று படுக்கையின் பக்கத்தில் இடம் விட்டு விலகி நின்றார்.

இனி அங்கே அழுத்தவே கூடாது என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கையைத் தோளின்மேல் சும்மா வைத்தாள். அழுத்தம் துளியும் இல்லை, சூடு மட்டும்தான். அவர் கண்ணை மூடி, "ம்ம்... இதான், இதான்," என்றார். அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது.

நாலைந்து தடவை அப்படிப் போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் இருவரும் நன்றி சொன்னார்கள். நர்ஸிடம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம், பார்க்க வந்த கூட்டாளிகளிடம் எல்லாம் அவளைப் பற்றிச் சொன்னார்கள். அந்த நன்றி அவளுக்குச் சூடு போடுவது மாதிரி இருந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கணவன் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான்.

"எல்லாருக்கும் தப்பு வரும்மா. நானுந்தான் பேப்பர் திருத்தும்போது சரியான விடைக்கே தப்பு போட்டிருக்கேன். அப்புறம் பாத்து மாத்திடுவேன்."

"நான் எதை மாத்தறது?" என்றாள்.

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. அவன்மேல் கோபமில்லை, பேசுவதற்கு எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மறைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பது திருட்டு மாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் அவர் திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார். அதற்குப் பிறகாவது மூச்சு விடலாம் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானம் மனைவி வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். அவர் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா, எவனோ அரைகுறை அடிச்சிருக்கான். பிரஷ் போன தடம் தெரியுது. நான் அடிச்சிருந்தா..."

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் கை அப்போது அவர் தோளில் இருந்தது. "முதல் நாளே ராத்திரி வலி இருக்குன்னு சொன்னீங்க. அப்பவே படம் எடுக்கச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல. ஒரு பக்கம் வேர்க்காதது, கண்ணு தொங்கினது, விரல் மரத்தது, எல்லாமே இதோட அடையாளம். நான் படிச்சிருக்கேன். தெரிஞ்சிருக்கணும். காறை எலும்புக்கு மேல அந்தக் கட்டி என் விரல்லயே தட்டுச்சு. தட்டியும் நான் அதைத் தசைன்னு நெனச்சு அமுக்கினேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர் இருமிக்கொண்டிருந்தார்.

"அப்பவே படம் எடுத்திருந்தா பொழைச்சிருப்பேனா?"

"தெரியல அண்ணா. டாக்டருக்கும் தெரியல."

"தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்புறம் ஏம்மா சொன்னீங்க?"

"மறைக்கக் கூடாதுன்னு..."

அவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவளைப் பார்த்தார். அந்தத் தொய்ந்த இமைக்குக் கீழே கண் சிறுத்துப்போய் இருந்தது. குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"இவ்வளவு நாள் நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? வந்தது வந்துடுச்சு, யார் தடுத்திருக்க முடியும்னு. அதுல ஒரு நிம்மதி இருந்துச்சும்மா. சாகறதுக்கு அது போதும். கை வைக்க ஒரு ஆள் வேற இருந்துச்சு. இப்ப ரெண்டும் போச்சு. இனிமே ஒவ்வொரு ராத்திரியும் அந்த மூணு மாசத்தையே எண்ணிக்கிட்டுக் கெடப்பேன்."

அவர் பார்வை அவள் முகத்திலேயே நின்றது.

"உங்களுக்குப் பாரம் எறங்கியிருக்கும், இல்ல?"

இல்லை என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அது உண்மையில்லை. சொல்லி முடித்த அந்த ஒரு நிமிடம், நெஞ்சுக்குள் ஏதோ லேசானது நிஜம். அவர் அதை அவள் முகத்திலேயே பார்த்துவிட்டார்.

"கைய எடுங்கம்மா," என்றார்.

எடுத்தாள்.

"அவகிட்ட இதைச் சொல்லாதீங்க. உங்களை அவ்வளவு நம்பியிருக்கா. நான் போனப்புறம் அவ இதையே நெனச்சுக்கிட்டுத் திரியக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"சொல்லமாட்டேன் அண்ணா."

மனைவி பிளாஸ்க்கோடு திரும்பி வந்தார். "கை வச்சாங்களா? எப்படி இருக்கு இப்ப?"

"போதும்னுட்டேன்," என்று சீலிங் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு மூன்று தடவை போனாள். மனைவிதான் விடாமல் போன் செய்து கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அவர், "பரவால்லம்மா, இன்னிக்கு வேணாம்," என்று மரியாதையாகவே சொன்னார். வேடிக்கைப் பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. "எப்பவும் கூரையையே பாத்துக்கிட்டு இருக்கார். ஒண்ணு ரெண்டுன்னு எதையோ எண்றார். கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்," என்று மனைவி நடைபாதையில் நின்று அழுதார். நாலாவது தடவை போகும் துணிவு அவளுக்கு இல்லை. ஏதேதோ சாக்குச் சொன்னாள்.

மாடி அறையிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. அவள் விரல்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. முடிச்சைத் தொட்டால் கல்லாகப் பட்டது. நல்ல தசையைத் தொட்டால் அதற்கடியில் வேறு ஏதோ இருப்பதாகப் பட்டது. யார் வந்தாலும், "முதல்ல படம் எடுத்துட்டு வந்துடுங்க," என்றாள். நாள்பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணையும் நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினாள். அந்தப் பெண் பயந்துபோய் வீட்டாரோடு வந்து சண்டை போட்டாள். பழைய வாடிக்கையாளரான பல் மருத்துவர், "என்னம்மா, முன்ன மாதிரி அழுத்தமே இல்லையே. தடவிக் குடுக்கறீங்க," என்றார். பிறகு அவரும் வரவில்லை. முன்னறையில் ஐந்து நாற்காலிகளும் காலியாகக் கிடந்த நாட்கள் வந்தன. மூலையில் இருந்த இயந்திரத்தின்மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துத் துடைத்து, வந்த ஒருசிலருக்கு வயரை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றாள்.

சீலிங் அண்ணன் போன செய்தி ஒரு காலையில் வந்தது. ஏணி பிடிக்கிறவர்தான் சொன்னார். அவள் போனாள். ஒற்றை அறை வீடு. அந்தக் கூரை மட்டும் பால் மாதிரி வெளுப்பாக, ஒரு தடம்கூட இல்லாமல் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு மூலையில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பினாள்.

ஒன்றரை மாதம் கழித்து, அவருடைய மனைவி மாடியேறி வந்தார்.

"அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். எனக்குக் கழுத்தும் தோளும் பிடிச்சுக்கிட்டு உயிர் போகுது. கடைசில அவரைத் தூக்கித் தூக்கி உக்காரவச்சேன் இல்ல, அதுல இருந்துதான். இப்ப பள்ளிக்கூடத்துல வாளி தூக்க முடியல. வேற எங்கயும் போக மனசு வரல. அவர் நம்பின கை."

'முதல்ல படம் எடுத்துட்டு வாங்க அக்கா' என்று சொல்ல வாயெடுத்தாள். மனைவி அதற்குள் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். "இதைக் கேப்பீங்கன்னு அந்த ஏணிக்காரர் சொன்னார். எடுத்துட்டே வந்துட்டேன்." படம் சுத்தமாக இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் மூன்று தடவை பார்த்தாள். சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தாள். ஒத்தடம் கொடுத்தாள். ஒடிசலான அந்தத் தோளில் கை வைத்தாள். வெறும் தசைதான். எண்பது கிலோ மனிதனை, பிறகு ஐம்பது கிலோ மனிதனை, பிறகு அதைவிடக் குறைந்தவரை மாதக்கணக்கில் தூக்கி இறுகிப்போன தசை. முடிச்சு எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே கட்டைவிரலை வைத்தாள்.

கட்டிலின் ஓட்டைக்குள்ளிருந்து, தரையைப் பார்த்தபடி மனைவி பேசினார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்மா. உங்களுக்குத்தான் தெரியும். அவ்வளவு ஆசையா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தவர், கடைசில ஏன் வேணாம்னுட்டார்? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா உங்ககிட்ட? நீங்க கோவிச்சுக்கிட்டீங்களோன்னு எனக்கு ஒரே உறுத்தல்."

"அய்யோ, அதெல்லாம் இல்ல அக்கா."

"அப்புறம் ஏன்?"

விரலுக்கடியில் முடிச்சு இளக மறுத்தது. அவள் அழுத்தத்தைக் கூட்டவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் நின்றாள்.

"வலிக்கும்னு பயந்திருப்பார் அக்கா."

"அவரா?" மனைவியின் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அவர் வலிக்குப் பயப்படற ஆளே இல்லையேம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் இருக்கும். கடைசில நெறைய மாறிட்டார்," என்றார்.

அரைமணி நேரத்தில் சிகிச்சை முடிந்தது. மனைவி எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, தலையைத் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் கட்டிலின் விளிம்பு பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

"கொஞ்சம் தேவலைம்மா. வாரம் ஒரு தடவை வரட்டுமா? இங்க வந்தா அவரைப் பத்திப் பேசற மாதிரியும் இருக்கும். வேற யார்கிட்டம்மா நான் பேசறது?"

"வாங்க அக்கா," என்றாள் அவள்.